கம்பம் மெட்டு இறக்கத்தில் ஒரு சின்னக் கார்

எங்க காரப் பாத்து யாராச்சும் தீப்பெட்டின்னு சொன்னா எனக்குப் பொல்லாத கோவம் வரும். சின்னதுதான், இல்லேங்கல. முன்னாடி ரெண்டு பேரு, பின்னாடி மூணு பேரு. அதுக்கு மேல ஒரு வாழத்தார ஏத்தணும்னா டிக்கியோட பஞ்சாயத்துப் பண்ணணும். ஆனா அந்த டீசல் இன்ஜினு எம்புட்டுத் தெம்ப உள்ள ஒளிச்சு வச்சிருக்குன்னு, மேகம் எறங்கிக் கெடக்கிற காலையில அஞ்சு பேரோட கம்பம் மெட்டு ஏறிப் பாத்தவுகளுக்குத்தான் தெரியும். கொண்டை ஊசி வளைவுல ஒரு நிமிசம் மொனங்கும், அசந்து போற மாதிரி இருக்கும். நாம பயந்து மொதக் கியருக்குப் போயிரக் கூடாது. ரெண்டாவதுலயே புடிச்சுக்கிட்டு, ஆக்சிலேட்டர லேசா அழுத்தி, பொறுமையா இருக்கணும். அப்புறம் அடிவயித்துலருந்து ஒரு இழுவை கெளம்பும் பாருங்க, முதுகு சீட்டோட ஒட்டிக்கும். எத்தனையோ தடவ ஏறியாச்சு. இன்னைக்கும் அந்த எடத்துல எனக்கு உடம்பு சிலுத்துப் போகும்.

எம்பேரு ஜெசிந்தா. கம்பத்துக்குப் பக்கத்துல, மாதா கோயில் தெரு. எங்க வீட்டுக்காரவுக பீட்டர்ராஜு, ஏலத்தோட்டத்துக்கு ஆளு ஏத்துற ஜீப்பு ஓட்டினவுக. விடியறதுக்குள்ள பொம்பளையாளுகள ஏத்திக்கிட்டு மெட்டத் தாண்டிக் கேரளாவுக்குப் போறது, சாயங்காலம் கீழ கொண்டாந்து விடுறது. இருவது வருசம் அதுதான் வேல. ஜீப்பு துருப்புடிச்சு எஃப்.சி. கெடைக்காமப் போனப்ப, அத வித்துட்டு இந்தக் காரப் பழசா வாங்கி, மஞ்ச போர்டு மாட்டினோம். மெட்டுக்கு அந்தப் பக்கம் ஒரு எஸ்டேட்டுல தமிழ்ப் பள்ளிக்கூடம் இருக்கு. அங்கன வேல பாக்குற மூணு டீச்சருக கம்பத்துலருந்து தெனம் போயிட்டு வராக. அவுகளக் கூட்டிப் போயி, காத்திருந்து, கூட்டியாறதுதான் வண்டிக்கும் எங்களுக்கும் பொழப்பு.

கிளச்ச மிதிச்சு மிதிச்சே அவுகளுக்கு எடது முட்டி தேஞ்சு போச்சு. இனி மலையில வண்டி ஓட்டக் கூடாதுன்னு டாக்டர் சொல்லிட்டாக. நல்ல வேளையா போடியில ஒரு ஏலக்கா குடோன்ல உக்காந்து பாக்குற வேல அமைஞ்சிச்சு, அடுத்த மாசம் சேரணும். சரி, நீங்க குடோனுக்குப் போங்க, டீச்சருகள நான் கூட்டிப் போறேன்னு சொன்னேன். வெறும் வாய்ச் சவடாலா சொல்லல. லைசென்ஸ் இருக்கு, பேட்ஜ் இருக்கு. தேனிக்கும் தேவாரத்துக்கும் சவாரி வந்தா நான்தான் போவேன். மலைக்கும் ரெண்டு மூணு தடவ அவுகள பக்கத்துல வச்சுக்கிட்டு ஓட்டியிருக்கேன்.

அவுக முடியாதுன்னுட்டாக. பொம்பள மலையில ஓட்டக் கூடாதுன்னு சொல்லியிருந்தாக்கூட நான் அதுக்கு ஒரு பாட்டம் சண்டை போட்டு ஓஞ்சிருப்பேன். அவுக சொன்ன காரணம் வேற. நான் டீசலத் தண்ணியா ஊத்துறேனாம்.

இந்த ஜீப்புக்காரவுக கதையச் சொன்னாத்தான் ஒங்களுக்கு வெளங்கும். மெட்டுலருந்து எறங்கும்போது கியர எடுத்துட்டு நியூட்ரல்ல விட்டுருவாக. வண்டி பாட்டுக்கு உருண்டு எறங்கும். இன்னும் சூரப்புலிக இருக்காக, சாவியத் திருப்பி இன்ஜினையே அமத்திருவாக. கம்பம் வரைக்கும் ஓசிப் பயணம்னு அதுக்குப் பேரு. அடிவாரத்து டீக்கடையில உக்காந்து, இன்னைக்கு நான் எந்த வளைவுலயே அமத்திட்டேன் தெரியுமான்னு ஒருத்தருக்கொருத்தர் பீத்திக்குவாக. எங்க வீட்டுக்காரவுக அந்தக் கூட்டத்துக்கே தலைவரு.

காருல மட்டும் அவுக இன்ஜின அமத்துறதில்ல. வாங்கின அன்னைக்கே மெக்கானிக் கருத்தக்கண்ணன், இது ஜீப்பு இல்ல, ஓட்டத்துல சாவியத் திருப்பிராதீகன்னு சொல்லி விட்டிருந்தாக. அதனால நியூட்ரலோட நிறுத்திக்கிட்டாக. நான் அதுகூட செய்ய மாட்டேன். எனக்கு வண்டி கைக்குள்ள இருக்கணும். ஏறின கியருலயே எறக்குவேன். இன்ஜினு உறுமிக்கிட்டே வரும், பிரேக்குல கால் வைக்கிறதே கொஞ்சந்தான். அந்த உறுமலக் கேக்கக் கேக்க அவுகளுக்கு வயிறு எரியும். போச்சு, போச்சுன்னு ஒவ்வொரு வளைவுலயும் தொடையில தட்டிக்குவாக.

ஸ்டியரிங்குக்கு முன்னாடி ஒரு சின்ன மீட்டரு இருக்கு. ஓடுற ஓட்டத்துல லிட்டருக்கு எத்தனை கிலோமீட்டருன்னு காட்டிக்கிட்டே வரும். ஏத்தத்துல பன்னெண்டு, பதிமூணுன்னு காட்டும். நான் கியருல எறக்கும்போது மட்டும் தொண்ணூத்தி ஒம்பதுக்குப் போயி அங்கனயே நின்னுக்கும். அது பொய் மீட்டருன்னு சொன்னாக அவுக. இம்புட்டு உறுமுற இன்ஜினு டீசல் குடிக்காம இருக்குமான்னு கேட்டாக. நானும் சரி, பழைய வண்டி, கெட்டுப் போயிருக்கும்னு விட்டுட்டேன்.

பெரியகுளத்துல மாம்பழ வியாபாரம் பாக்குற முத்துப்பாண்டி அண்ணன் வண்டியக் கேட்டிருந்தாக. வித்துப்புடலாம்னு எங்க வீட்டுக்காரவுக பேசிட்டு வந்துட்டாக, என்னைய ஒரு வார்த்த கேக்காம. எனக்கு வந்த கோவத்துக்கு அன்னைக்கு ஒல வைக்கல. கோவம் தணிஞ்சப்புறம் அழுக வந்துச்சு. சொல்றதுக்கென்ன, எனக்கு அந்த வண்டி மேல ஆச. கல்யாணம் ஆன நாள்லருந்து திராட்சத் தோட்டத்துல குனிஞ்ச தலை நிமிராம கொத்து வெட்டினவ நான். அந்த சீட்டுல உக்காந்தப்பத்தான், நான் திருப்புற பக்கம் ஒண்ணு திரும்புதுன்னு பாத்தேன். அத இன்னொருத்தன் மாம்பழக் கூடைக்குக் குடுக்கிறதுன்னா எப்பிடி.

அதனால நானே பந்தயம் கட்டினேன். ஒரு வாரம் நான் ஓட்டுறேன், ஒரு வாரம் நீங்க ஓட்டுங்க, ஒருத்தர் ஓட்டும்போது இன்னொருத்தர் பக்கத்துல உக்காந்திருப்போம், ஒரே பங்க்குல ஃபுல் பண்ணி ஃபுல் பண்ணிப் பாப்போம்னேன். எங்கையில வண்டி கூடக் குடிச்சா சாவிய நானே முத்துப்பாண்டி அண்ணன் கையில குடுத்துர்றேன். கொறையாக் குடிச்சா வண்டி இங்கனயே நிக்கும், மலைக்கு நான்தான் போவேன். அவுக சிரிச்சுக்கிட்டே சரின்னாக. ஜெயிச்ச மாதிரியே இருந்துச்சு அந்தச் சிரிப்பு.

மொத வாரம் நான் ஓட்டினேன். பின்னாடி டீச்சருக மூணு பேரும் போகும்போது பேப்பர் திருத்துவாக, வரும்போது தூங்கிருவாக. அதுல ஜெபஷீலா டீச்சர் செக்போஸ்ட் தாண்டினா வாயத் தொறந்துருவாக, கம்பம் வந்து தட்டி எழுப்பணும். நான் என் வழக்கப்படி ஏத்தத்துல ரெண்டாவது, மூணாவது, எறக்கத்துலயும் அதே ரெண்டாவது, மூணாவதுன்னு கியர விடாம ஓட்டினேன். அவுக தொடைதான் பாவம், தட்டித் தட்டிச் செவந்திருக்கும்.

வெள்ளிக்கெழம சாயங்காலம் பங்க்குல ஃபுல் பண்ணினோம். பம்பு தானா மொதல்ல நின்ன எடத்த அவுக நம்பல. எறங்கி, வண்டியோட பின்பக்கத்தப் புடிச்சு ஆட்டு ஆட்டுன்னு ஆட்டினாக, உள்ள காத்து நின்னிருக்கும், எறங்கட்டும்னு. பின்னாடி நின்ன பைக்குக்காரவுகளெல்லாம் வேடிக்க பாத்தாக. அதுக்கப்புறம் கூட சொட்டுச் சொட்டாத்தான் போச்சு. கணக்குப் போட்டா லிட்டருக்கு இருபத்தி நாலு. அவுக கையில அது இருபத்தி ரெண்டத் தாண்டினதே இல்ல.

நானே நம்பல, அதுதான் உண்ம. நான் தோத்துருவேன்னு நெனச்சுத்தான் ஓட்டினேன். வீட்டுக்கு வந்து பானெட்டத் தொட்டுப் பாத்தேன், சூடா இருந்துச்சு. இந்தச் சுண்டைக்கா வண்டி அஞ்சு ஆள மலைக்குத் தூக்கிட்டுப் போயி, எறக்கிக் கொண்டாந்து, அதுக்கு இம்புட்டுத்தான் கூலி கேக்குதான்னு பிரமிப்பா இருந்துச்சு. இன்ஜினு எப்பிடி வேல செய்யுதுன்னு எனக்குத் தெரியாது. தெரியாத ஒண்ணு நமக்காக இம்புட்டுக் கணக்காப் பாடுபடுதுங்கிறதே என்னமோ போல இருந்துச்சு.

எங்க வீட்டுக்காரவுக கணக்க மறுபடி போட்டுப் பாத்தாக. சாப்புடும்போது, அந்த வாரம் பூராம் பின்காத்துன்னாக. மெட்டுல பின்காத்தாம்.

அடுத்த வாரம் அவுக முறை. முட்டிக்குப் பட்டையக் கட்டிக்கிட்டு உக்காந்தாக. எப்பவும் போல ஏத்தத்துல வளைவுக்கு வளைவு மொதக் கியருக்குத் தாவி, எறக்கத்துல நியூட்ரல்ல உருட்டினாக. பாதி வாரத்துலயே டீசல் முள்ளு என் வாரத்த விடக் கீழ எறங்கிருச்சு. அவுக பாக்கும்போது நான் சன்னல் பக்கம் திரும்பிக்குவேன். நான் பாக்கும்போது அவுக ரோட்டப் பாப்பாக. எனக்கு உள்ளுக்குள்ள குளுகுளுன்னு இருந்துச்சு.

வெள்ளிக்கெழம சாயங்காலம், கடைசி எறக்கம். டீச்சருக மூணு பேரும் செக்போஸ்ட் தாண்டினதும் தூங்கிட்டாக. மழ விட்டு ரோடு நனஞ்சு கெடந்துச்சு. கீழ கம்பம் பள்ளத்தாக்கு பூராம் தெரிஞ்சிச்சு, வாழையும் திராட்சப் பந்தலும் தென்னையுமா. நான் அதையே பாத்துக்கிட்டு வந்தேன். திடீர்னு உள்ள ஒரு அமைதி. டயர் ஓடுற சத்தம் மட்டும். பின்சீட்டுல ஜெபஷீலா டீச்சர் மூச்சு விடுறது கேக்குது.

திரும்பிப் பாத்தா, அவுக சாவியத் திருப்பிட்டாக.

என்னங்க இதுன்னேன். சும்மா இருடின்னாக. மூஞ்சியில அந்த ஜீப்புக்காரச் சிரிப்பு வந்திருச்சு. முள்ள எப்பிடியாச்சும் காப்பாத்திரணும், கம்பம் வரைக்கும் ஒரு சொட்டுக் குடிக்க விடக் கூடாது, அம்புட்டுத்தான் அவுக மனசுல. எனக்குக் கோவம்தான் வந்துச்சு, பயம் வரல. இருவது வருசம் இப்பிடி எறக்கினவுகதானேன்னு நெனச்சேன்.

மொத வளைவு ஒழுங்காத் திரும்பினாக. ரெண்டாவது வளைவுக்கு முன்னாடி, ஜீப்புல செய்யிற மாதிரியே பிரேக்க விட்டு விட்டு மிதிச்சாக, நாலஞ்சு மிதி. அந்த மிதியோட, இன்ஜினு பிரேக்குக்குச் சேத்து வச்சிருந்த தெம்பு தீந்து போச்சு. மூணாவது வளைவு வருது, அவுக கால் எறங்கல. பெடலு பாறையாட்டம் நிக்குது. ஸ்டியரிங்கு கனத்துப் போயி, ரெண்டு கையாலயும் மல்லுக்கட்டித் திருப்புறாக. வண்டி தடுப்புச் செவத்த ஒட்டித் தேச்ச மாதிரி போயி, எப்பிடியோ திரும்பிருச்சு. திரும்பின வேகத்துல இன்னும் வேகம் எடுக்குது. அவுக நெத்தியில வேர்வ. இடுப்பத் தூக்கி, வலிக்கிற காலையும் சேத்து ரெண்டு காலயும் பிரேக்குல வச்சு மிதிக்கிறாக. ஜெசி, நிக்க மாட்டேங்குதுன்னாக. அந்தக் குரல நான் அதுக்கு முன்னாடி கேட்டதில்ல.

கீழ அடுத்த வளைவு தெரியுது, எதுக்க ஒரு ஜீப்பு ஏறி வருது. பின்னாடி மூணு பேரு தூங்குறாக. எனக்கு மாதாவும் ஞாபகத்துக்கு வரல, ஒரு செபமும் வரல. வந்ததெல்லாம் அந்தப் பழைய ஜீப்புதான். மார்கழிக் குளுருல பேட்டரி செத்துப் போனா, தெருவுல நான்தான் தள்ளுவேன். அவுக கியரப் போட்டு கிளச்ச விடுவாக, சக்கரம் சுத்துற சுத்துல இன்ஜினு எந்திரிச்சுக்கும். ஜீப்புக்காரன் பொண்டாட்டி தள்ளாத ஜீப்பு உண்டா.

"சாவியத் திருப்புங்க, கிளச்ச மிதிங்க"ன்னு கத்தினேன். அவுக சாவியத் திருப்பினாக, மீட்டருல வெளக்கெல்லாம் வந்துச்சு. அந்தத் தேஞ்ச முட்டியோட கிளச்ச மிதிச்சாக. நான் எங்கையால கியரப் புடிச்சு மூணாவதுல தள்ளினேன். விடுங்கன்னேன்.

வண்டி ஒரு குலுங்கு குலுங்குச்சு, பல்லு பல்லோட அடிச்சுக்கிச்சு. அடுத்த நொடி, அந்தச் சத்தம். கடகடன்னு, அந்த டீசல் சத்தம். யாரும் தள்ளல, யாரும் செல்ஃப் அடிக்கல. உருண்ட உருட்டுலயே கண்ண முழிச்சு, எங்க அஞ்சு பேரையும் இழுத்துப் புடிச்சிச்சு. வேகம் கொறையிறது ஒடம்புக்குத் தெரிஞ்சிச்சு. பிரேக்குல மறுபடி உயிரு வந்துச்சு, ஸ்டியரிங்கு லேசாச்சு. அவுக வளைவுக்கு முன்னாடி எடதுபக்கம் ஒதுக்கி, செவத்தோரமா நிப்பாட்டினாக. எதுக்க வந்த ஜீப்புக்காரரு ஒண்ணும் தெரியாம ஹாரன் அடிச்சுக் கையக் காட்டிட்டுப் போனாரு.

ஜெபஷீலா டீச்சர் கண்ண முழிச்சு, டீக்கு நிப்பாட்டியிருக்கீகளான்னு கேட்டாக. இல்ல டீச்சர், அவுகளுக்கு முட்டி வலின்னேன். பாவம்னு சொல்லிட்டு மறுபடி தூங்கிட்டாக.

இன்ஜினு ஓடிக்கிட்டே இருந்துச்சு. அவுக ஸ்டியரிங்குல நெத்திய வச்சுக் குனிஞ்சிருந்தாக. கொஞ்ச நேரங்கழிச்சுக் கதவத் தொறந்து எறங்கி, பானெட்டப் புடிச்சுக்கிட்டே சுத்தி எம்பக்கம் வந்தாக. கதவத் தொறந்தாக. "நீ அங்கிட்டுப் போ"ன்னாக.

நான் போயி உக்காந்தேன். ரெண்டாவது கியரப் போட்டு எறக்க ஆரம்பிச்சேன். வண்டி உறுமிக்கிட்டே, பிரேக்கு இல்லாமயே, தன்னைத் தானே புடிச்சுக்கிட்டு எறங்குச்சு. அவுக தொடையத் தட்டல. மீட்டரையே குனிஞ்சு பாத்துக்கிட்டு வந்தாக. அது தொண்ணூத்தி ஒம்பதுல நின்னுச்சு.

அப்பத்தான் எனக்கு வெளங்குச்சு, பொட்டுல அடிச்ச மாதிரி. இப்பச் சித்த முன்னாடி இன்ஜின எழுப்புனது எது? சக்கரம். சக்கரத்தச் சுத்துனது எது? எறக்கம். அப்ப கியருல எறங்கும்போது இந்த இன்ஜினச் சுத்துறது டீசல் இல்ல.

"மலைதாங்க சுத்துது. மீட்டரு பொய் சொல்லல. எறங்கும்போது இது ஒண்ணுமே குடிக்கல."

அப்ப நான் நியூட்ரல்ல விட்டப்பன்னு அவுக மெதுவாக் கேட்டாக. அப்ப மலைக்கும் இன்ஜினுக்கும் ஒட்டு அந்து போகுதுல்ல, அணையாம நிக்கிறதுக்கு அது சொந்தமாக் குடிச்சிருக்கும்னேன். சொல்லச் சொல்ல எனக்கே மயிர்க்கூச்செறிஞ்சிச்சு. எந்த ஊருல எந்த மகராசன் உக்காந்து யோசிச்சானோ. கால எடுத்தா குடிய நிப்பாட்டிக்க, ஏத்தம் வந்தா கேட்டு வாங்கிக்கன்னு இந்த இம்புட்டுக்காணு இரும்புக்குச் சொல்லிக் குடுத்திருக்கான். நாங்க ரெண்டு பேரும் ரெண்டு வாரமாச் சண்ட போட்ட மிச்சத்த அது தெனமும் சத்தமில்லாமப் புடிச்சு வச்சுக்கிட்டு வந்திருக்கு.

நாலு வளைவு தாண்டினப்புறம் அவுக கையத் தூக்கி டேஷ்போர்டு மேல வச்சாக. கோயில்ல மாதா சுருவத்தத் தொடுறப்ப வைக்கிற மாதிரி, உள்ளங்கைய விரிச்சு. எனக்கு எதாச்சும் ஏசணும்னு நாக்கு வரைக்கும் வந்துச்சு. ஏச முடியல. அவுக கண்ணுலருந்து தண்ணி எறங்கிக்கிட்டு இருந்துச்சு.

"ஜீப்புல ஆளு நெறஞ்சு இருக்கும்போதெல்லாம் நான் சாவியத் திருப்பியிருக்கேன், ஜெசி. அம்புட்டுப் பொம்பளைகளும் பாட்டுப் பாடிக்கிட்டு வருவாக"ன்னாக.

நல்லபடியா எல்லாரும் வீடு போயிச் சேந்தாகல்லன்னேன். ஆமான்னு தலைய ஆட்டினாக. கை மட்டும் டேஷ்போர்ட விட்டு எறங்கல.

டீச்சருகள எறக்கி விட்டுட்டு பங்க்குக்கு வந்தோம். நான் இண்டிகேட்டரப் போட்டேன். இன்னும் ஃபுல் பண்ணி அவுக வாரத்துக் கணக்கப் பாக்கணுமே. வேணாம், நேராப் போன்னாக. நான் வண்டியத் திரும்ப ரோட்டுக்கு ஒடிச்சேன். அவுக ஃபோன எடுத்து, பெரியகுளத்துக்கு அடிச்சாக.

முத்துப்பாண்டி அண்ணன் சத்தமாப் பேசுறவுக, எனக்கே கேட்டுச்சு. ஞாயித்துக்கெழம ஒங்க கோயில்ல பூச முடிஞ்சதும் வந்துர்றேன்னாக. வர வேணாம்ணே, வண்டி விக்கலன்னாக இவுக. ஏன், ஒங்களுக்குத்தான் முட்டி முடியலயே, மலைக்கு யாரு போவான்னு அண்ணன் கேட்டாக. இவுக கொஞ்ச நேரம் எங்கையப் பாத்தாக, கியரு மேல இருந்த கைய.

"எங்க வீட்டுல இருக்காண்ணே, அவதான் எங்கள எறக்கிக் கொண்டாந்தா"ன்னாக.